பிரிஞ்சாங்: குளிர் மலைக்குச் செல்வோர் அறிய வேண்டியவை

பனி மூடிய சிகரங்களும் உறைந்த ஆறுகளும் நம் நாட்டில் இல்லை. குளிரை அனுபவிக்க வேண்டும் என்றால் மலேசியத் தமிழ்க் குடும்பங்கள் பெரும்பாலும் நினைப்பது கேமரன் மலையைத்தான். பள்ளி விடுமுறை தொடங்கியதும் தாப்பா வழியாகவும் சிம்பாங் பூலாய் வழியாகவும் கார்கள் வரிசையாக மலையேறுகின்றன. அவற்றில் பெரும்பாலானவை கடைசியில் வந்து நிற்கும் இடம் பிரிஞ்சாங். தங்கும் விடுதிகளும் உணவுக் கடைகளும் நெருக்கமாக அமைந்த சிறு நகரம் இது. சற்றுத் தொலைவில் சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டம், அதற்கும் மேலே பிரிஞ்சாங் மலை உச்சி.

வருகிறவர்கள் தேயிலைச் சரிவின் முன் நின்று படம் எடுக்கிறார்கள், ஸ்ட்ராபெரி வாங்குகிறார்கள், மறுநாள் இறங்கிவிடுகிறார்கள். அந்தச் சரிவைக் காடழித்து, நட்டு, வெட்டி, பறித்து இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள் என்பதும், அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்னும் அங்கே வாழ்கிறார்கள் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. எதைப் பார்க்கலாம், எப்படிச் செல்லலாம் என்பதோடு இந்த வரலாற்றையும் அறிந்து செல்வோருக்கு அதே பயணம் வேறு விதமாக அமையும்.

அமைவிடமும் குளிரும்

கேமரன் மலை பகாங் மாநிலத்தின் வடமேற்கு மூலையில் உள்ள மாவட்டம். பரப்பளவு சுமார் 712 சதுர கிலோமீட்டர். மேற்கே பேராக், வடக்கே கிளந்தான். மாவட்டம் பகாங்கைச் சேர்ந்ததாக இருந்தாலும் நீண்ட காலம் அங்கு செல்லும் சாலை பேராக்கிலிருந்துதான் ஏறியது. தெற்கிலிருந்து மேலே ஏறும்போது ரிங்லெட், ஹபு, தானா ராத்தா, பிரிஞ்சாங், கியா பார்ம், கம்போங் ராஜா என ஊர்கள் வரிசையாக வருகின்றன. மாவட்டத்தின் தலைமை நகரம் தானா ராத்தா. அங்கிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள் பிரிஞ்சாங் வந்துவிடும்.

பிரிஞ்சாங் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பகலில் வெப்பநிலை பெரும்பாலும் 25 டிகிரி செல்சியசைத் தாண்டாது. இரவில் 15 டிகிரிக்குக் கீழே இறங்குவது உண்டு. 1978 பிப்ரவரி 1ஆம் தேதி கேமரன் மலையில் 7.8 டிகிரி பதிவானது. நாட்டின் வானிலை நிலையங்களில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை அதுவே. ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கும் அதிகமாக மழை பெய்கிறது. அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் ஏப்ரல், மே மாதங்களிலும் மழை அதிகம். குளிரும் மழையும் சரிவான நிலமும் சேர்ந்த இந்த இடம் தேயிலைக்கு ஏற்றதாக அமைந்தது.

மலை திறக்கப்பட்ட வரலாறு

இந்த மலையின் முதல் குடிகள் ஓராங் அஸ்லி மக்கள். குறிப்பாகச் செமாய் இனத்தவர் தலைமுறை தலைமுறையாக இங்கு வாழ்ந்து வருகின்றனர். 1885ஆம் ஆண்டு நில அளவையாளர் வில்லியம் கேமரன், கூலோப் ரியாவ் என்பவரின் துணையோடு இப்பகுதிக்கு வந்து மேட்டு நிலம் ஒன்று இருப்பதைப் பதிவு செய்தார். மலைக்கு அவர் பெயரே நிலைத்தது.

அதன் பிறகு நாற்பது ஆண்டுகள் அந்தப் பதிவு ஏட்டளவில்தான் இருந்தது. 1925இல் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் இங்கு வந்து பார்த்த பிறகே, மலையை ஓய்வு வாசத்தலமாக மாற்றும் திட்டம் உயிர் பெற்றது. இந்தியாவில் உதகமண்டலம், இலங்கையில் நுவரெலியா போல மலாயாவிலும் வெயிலிலிருந்து தப்பிச் செல்ல ஒரு குளிர் ஊர் வேண்டும் என்று ஆங்கிலேய ஆட்சியாளர்கள் விரும்பினர். 1926இல் தாப்பாவிலிருந்து மேலே சாலை போடும் வேலை தொடங்கியது. 1931இல் சாலை தானா ராத்தாவை எட்டியது. இன்று 59ஆம் எண் கூட்டரசுச் சாலை என அழைக்கப்படும் அந்த வளைந்த பாதையில்தான் விடுமுறைக் கார்கள் இன்னும் ஏறுகின்றன.

சாலை முடியும் முன்பே தேயிலை வந்துவிட்டது. 1929இல் ஜான் ஆர்ச்சிபால்ட் ரஸ்ஸல் என்ற தொழிலதிபர், இலங்கையில் தேயிலை பயிரிட்டு அனுபவம் பெற்ற ஏ.பி. மில்ன் என்பவரோடு சேர்ந்து நிலத்துக்கு விண்ணப்பித்தார். அப்படித் தொடங்கியதுதான் போ தோட்டம். உலகப் பொருளாதார மந்தம் ரப்பர் விலையை வீழ்த்திய காலம் அது. சமவெளி ரப்பர் தோட்டங்களில் வேலை இழந்த ஆயிரக்கணக்கான தமிழர்கள் இந்தியாவுக்குக் கப்பலேற்றப்பட்ட அதே ஆண்டுகளில், இந்த மலையில் காடு வெட்டித் தேயிலை நட ஆட்கள் தேவைப்பட்டார்கள். ரஸ்ஸல் 1933இல் காலமானார். தோட்டம் அவர் குடும்பத்தின் கையில் தொடர்ந்தது.

அதே 1933இல் ஆக்ராவிலிருந்து மலாயா வந்திருந்த சுபர்ஷாத் பன்சால் அகர்வால் மற்றொரு தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். பாரத் நிறுவனமாக வளர்ந்த அந்தத் தோட்டத்தின் தேயிலை இன்று கேமரன் வேலி என்ற பெயரில் விற்பனையாகிறது. தானா ராத்தாவுக்குச் சற்று முன்பு சாலையோரம் தெரியும் தேயிலைப் பள்ளத்தாக்கு அவர்களுடையது. மலையின் வடகோடியில் கம்போங் ராஜா அருகே புளூ வேலி தோட்டம் இருக்கிறது.

தமிழர் மலையேறிய கதை

மலாயாவின் ரப்பர் தோட்டங்களுக்குத் தமிழர்களைக் கொண்டுவந்த கங்காணி முறை அக்காலத்தில் இறுதிக் கட்டத்தில் இருந்தது. தோட்டத்துக் கங்காணி தம் சொந்த ஊருக்குச் சென்று, உறவினரையும் ஊராரையும் அழைத்து வருவார். 1938இல் இந்திய அரசு, மலாயாவுக்கு உதவி பெற்றுச் செல்லும் உடலுழைப்புத் தொழிலாளர் குடியேற்றத்தைத் தடை செய்தது. கேமரன் மலைத் தோட்டங்கள் தொடங்கி பத்து ஆண்டுகூட ஆகாத நேரம் அது. அதன் பின்னர் நீண்ட காலம் ஏற்கெனவே வந்திருந்த குடும்பங்களும் அவர்களின் பிள்ளைகளும்தான் தோட்ட வேலையைத் தாங்கினார்கள்.

சமவெளித் தோட்டத்தின் அமைப்பு அப்படியே மலைக்கும் வந்தது. துரை பங்களா மேட்டில், லயன் வீடுகள் பள்ளத்தில், நடுவே தொழிற்சாலை, ஓரமாகக் கோயில், அதனருகே தமிழ்ப்பள்ளி. விடிவதற்கு முன் பெரட்டு, தண்டல் பிரித்துக் கொடுக்கும் நிரை, கிராணி எழுதும் கணக்கு எல்லாம் ரப்பர் தோட்டத்தைப் போலவே. மாறியது குளிரும் வேலையும்தான். பால் மரம் வெட்டிப் பழகிய கைகள் கொழுந்து பறிக்கப் பழகின. ரப்பர் தோட்டத்தில் மரம் நிழல் தரும். தேயிலைச் சரிவில் மழையும் வெயிலும் நேராகத் தலையில் விழும்.

கொழுந்து தூளாகும் விதம்

தேயிலைச் செடியை வளரவிட்டால் மரமாகிவிடும். இடுப்பளவு உயரத்தில் தட்டையாக, விரித்த பாய் போல இருப்பதற்குக் காரணம் தொடர்ந்து பறிப்பதும், சில ஆண்டுகளுக்கு ஒரு முறை கவ்வாத்து வெட்டுவதுமே. சுற்றுலாப் பயணிகள் வியக்கும் அந்தப் பச்சை வரிசைகள் இயற்கையாக அமைந்தவை அல்ல. கத்தியையும் கத்திரியையும் பிடித்தவர்கள் சரிவின் வளைவுக்கேற்ப செதுக்கியவை.

முற்காலத்தில் இரண்டு இலை ஒரு மொட்டு எனக் கையால் கிள்ளி முதுகுக் கூடையில் போடுவார்கள். பெரும்பாலும் பெண்களே அந்த வேலையைச் செய்தார்கள். ஆள் பற்றாக்குறை வந்ததும் தட்டு பொருத்திய பெரிய கத்திரி வந்தது. பிறகு இருவர் இரு பக்கமும் பிடித்து நகர்த்தும் இயந்திரம் வந்தது. செங்குத்தான இடங்களில் இன்றும் கத்திரிதான். ஒரே செடியில் சுமார் மூன்று வாரத்துக்கு ஒரு முறை மீண்டும் கொழுந்து எடுக்கலாம். எடைக்கேற்ற கூலி என்பதால், மழையில் நனைந்த கொழுந்தா காய்ந்த கொழுந்தா என்ற தகராறு தோட்டங்களில் பழைய கதை.

பறித்த கொழுந்து அன்றே தொழிற்சாலைக்குப் போக வேண்டும். முதலில் காற்றோட்டமுள்ள நீண்ட தொட்டிகளில் பரப்பி வாட்டுவார்கள். இதற்குப் பல மணி நேரம் ஆகும். துவண்ட இலையை உருட்டு இயந்திரங்கள் கசக்கி நசுக்கும். இலையின் சாறு காற்றோடு கலந்து பச்சை நிறம் செம்பு நிறமாக மாறும். தேநீரின் நிறமும் மணமும் இந்தக் கட்டத்தில்தான் உருவாகின்றன. பிறகு சூடான காற்றில் உலர்த்துவார்கள். கடைசியாகச் சலித்து, நார் நீக்கி, தூளின் அளவுக்கேற்பத் தரம் பிரிப்பார்கள். ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு ஏறத்தாழ ஐந்து கிலோ பச்சைக் கொழுந்து தேவை.

போ நிறுவனத்துக்குக் கேமரன் மலையில் போ, பேர்லி, சுங்கை பாலாஸ் என மூன்று தோட்டங்களும் சிலாங்கூரில் புக்கிட் சீடிங் என்ற சமவெளித் தோட்டமும் உள்ளன. ஆண்டுக்குச் சுமார் 40 லட்சம் கிலோ தேயிலை உற்பத்தி செய்வதாகவும், நாட்டில் விளையும் தேயிலையில் பெரும்பகுதி தன்னுடையது என்றும் அந்நிறுவனம் கூறுகிறது.

சுங்கை பாலாஸ்

பிரிஞ்சாங்கிலிருந்து கம்போங் ராஜா போகும் சாலையில் சிறிது தூரம் சென்றால் இடப்பக்கம் ஒரு குறுகிய பாதை பிரியும். அதுவே சுங்கை பாலாஸ் தோட்டத்துக்கும் மலை உச்சிக்கும் போகும் வழி. ஒரு கார் தாராளமாகப் போகலாம், எதிரே மற்றொன்று வந்தால் ஒருவர் ஒதுங்கியே ஆக வேண்டும். வளைவுகளில் ஹாரன் அடித்துப் போவது நல்லது. விடுமுறை நாட்களில் காலை ஒன்பது மணிக்கு மேல் இங்கு நெரிசல் தொடங்கிவிடும்.

பார்வையாளர் மையத்தில் தொழிற்சாலையைப் பார்க்கலாம், சரிவின் மேல் நீண்டு நிற்கும் தளத்தில் அமர்ந்து தேநீர் அருந்தலாம். திங்கட்கிழமைகளில் மூடுவது வழக்கம். விடுமுறைக் காலத்தில் இது மாறலாம் என்பதால் புறப்படுவதற்கு முன் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

மையத்துக்குப் போகும் வழியில் தொழிலாளர் குடியிருப்பும் கோயிலும் சுங்கை பாலாஸ் தோட்டத் தமிழ்ப்பள்ளியும் உள்ள பகுதியைக் கடக்க வேண்டியிருக்கும். பலர் கண்ணாடியை இறக்காமலேயே கடந்துவிடுகிறார்கள். கோயிலில் இறங்கிக் கும்பிட்டுப் போக யாரும் தடை சொல்ல மாட்டார்கள். ஆனால் வீடுகள் காட்சிப் பொருள் அல்ல. வாசலில் துணி காயப்போடும் பாட்டியைக் கேட்காமல் படம் எடுப்பதும், வேலை நடக்கும் நிரைக்குள் இறங்கிச் செடியை மிதிப்பதும் கூடாது. செடி வரிசைகளில் மருந்து தெளித்திருக்கவும் வாய்ப்புண்டு. குழந்தைகளை இலையைப் பறித்து வாயில் வைக்க விடக்கூடாது.

மலை உச்சியும் பாசிக்காடும்

தேயிலைத் தோட்டத்தைத் தாண்டிச் சாலை இன்னும் மேலே ஏறுகிறது. பிரிஞ்சாங் மலையின் உயரம் 2,000 மீட்டருக்குச் சற்று அதிகம். தீபகற்ப மலேசியாவில் தார்ச்சாலை வழியாக வாகனத்தில் அடையக்கூடிய மிக உயரமான இடம் இதுதான் எனப்படுகிறது. உச்சியில் ஒலிபரப்புக் கோபுரங்கள் உள்ளன. அருகிலுள்ள ஈராவ் மலை இதைவிட உயரம், 2,110 மீட்டர். அங்கு நடந்துதான் ஏற வேண்டும்.

உச்சிக்கு அருகே பாசிக்காடு இருக்கிறது. இந்த உயரத்தில் ஆண்டின் பெரும்பாலான நாட்களில் மேகம் காட்டுக்குள்ளேயே தங்கிவிடுகிறது. மழை பெய்யாத நாளிலும் இலைகளிலும் கிளைகளிலும் ஈரம் படிகிறது. குளிரில் மரங்கள் உயரமாக வளராமல் குட்டையாகவும் முறுக்கிக்கொண்டும் நிற்கின்றன. அவற்றின் மேல் தடித்த பாசி போர்த்தியிருக்கிறது. குடுவைச் செடிகளும் காட்டு ஆர்க்கிட்களும் இங்கு உண்டு. உதிர்ந்த இலைகள் குளிரில் முழுதாக மக்காமல் அடுக்கடுக்காகச் சேர்ந்து, தரை நுரைமெத்தை போல இருக்கும். அது நீரைப் பிடித்து வைத்து மெல்ல மெல்லக் கீழே விடுகிறது. பிரிஞ்சாங்கையும் தானா ராத்தாவையும் கடந்து ஓடும் பெர்த்தாம் ஆற்றுக்கு இந்த மலைதான் ஊற்று.

அதனால்தான் மரப்பாலத்தை விட்டுத் தரையில் இறங்க வேண்டாம் என்கிறார்கள். ஒரு காலடி அழுத்திய பாசி மீண்டும் எழ ஆண்டுகள் ஆகும். பராமரிப்புக்காக நடைபாதை மூடப்படுவதும் உண்டு. சொந்தக் காரில் ஏறத் தயங்குவோர் பிரிஞ்சாங்கிலும் தானா ராத்தாவிலும் கிடைக்கும் லேண்ட் ரோவர் சுற்றுலா வண்டிகளில் போகலாம். காலை ஏழு அல்லது எட்டு மணிக்குள் மேலே போய்விட்டால் காட்சி தெளிவாக இருக்கும். மதியத்துக்கு மேல் மேகம் மூடிவிடும்.

நகரமும் ஆலயங்களும்

பிரிஞ்சாங் நகரத்தின் நடுவே நடந்து சுற்றிவர அரை மணி நேரம் போதும். சீனர் உணவகங்களுக்கு இடையே தோசையும் வாழையிலைச் சோறும் கிடைக்கும் தமிழர் கடைகள் இருக்கின்றன. ஸ்ரீ தெண்டாயுதபாணி சுவாமி ஆலயம் நகரத் தமிழர்களையும் தோட்டத் தமிழர்களையும் ஒன்று சேர்க்கும் இடம். தோட்டத்தில் காவல் தெய்வமும் மாரியம்மனும் இருந்தாலும், முருகனுக்குரிய விழா நாட்களில் குடும்பங்கள் நகரத்துக்கு வருவார்கள். குளிரில் விடியற்காலை தலை முழுகிக் காவடி எடுப்பது சமவெளி பக்தர்களுக்கு எளிதல்ல.

நகரத்துக்கு மேலே குன்றில் 1972இல் எழுந்த சாம் போ பௌத்த ஆலயம் இருக்கிறது. வார இறுதியிலும் பள்ளி விடுமுறையிலும் பாசார் மாலாம் கூடும். சர்க்கரைவள்ளிக் கிழங்கு, சோளம், ஸ்ட்ராபெரி, தேன் எல்லாம் கிடைக்கும். காய்கறி வாங்க விரும்புவோர் கியா பார்ம் சந்தைக்குப் போகிறார்கள்.

தானா ராத்தாவுக்கும் பிரிஞ்சாங்குக்கும் இடையே கோல்ஃப் திடலும் பழைய ஆங்கிலேய பாணிக் கட்டடங்களும் உள்ளன. தாய்லாந்துப் பட்டை உலகுக்கு அறிமுகப்படுத்திய அமெரிக்கர் ஜிம் தாம்சன், 1967 மார்ச் 26ஆம் தேதி இந்தப் பகுதியிலுள்ள ஒரு பங்களாவிலிருந்து நடக்கப் போனவர் திரும்பவே இல்லை. பெரும் தேடுதல் நடந்தும் எந்தத் தடயமும் கிடைக்கவில்லை. காட்டுப் பாதைகளில் தனியாகப் போக வேண்டாம் என்று பயணிகளுக்குச் சொல்லும்போதெல்லாம் இந்தக் கதையும் சேர்ந்து வரும்.

மாறிவிட்ட தோட்டம்

இன்று தேயிலைச் சரிவில் இயந்திரம் பிடிப்பவர்களில் பலர் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா போன்ற நாடுகளிலிருந்து வந்தவர்கள். காய்கறித் தோட்டங்களில் மியன்மார் தொழிலாளர்களும் அதிகம். தமிழர்கள் அலுவலகத்திலும் தொழிற்சாலையிலும் மேற்பார்வையிலும் ஓட்டுநர் வேலையிலும் இருக்கிறார்கள். இளையோர் பலர் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்டார்கள். சிலர் மலையிலேயே சொந்தமாகக் காய்கறி பயிரிடுகிறார்கள், சுற்றுலா வண்டி ஓட்டுகிறார்கள், கடை வைத்திருக்கிறார்கள்.

பிள்ளைகள் போனதில் வருத்தப்பட ஒன்றுமில்லை என்று தோட்டத்துப் பெற்றோர் பலரும் சொல்வார்கள். தாங்கள் சுமந்த கூடையைப் பிள்ளைகள் சுமக்கக்கூடாது என்பதற்காகத்தான் அவர்களைப் படிக்க வைத்தார்கள். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. தோட்டத்து வீடு வேலையோடு சேர்ந்தது. ஓய்வு பெறும்போது வீட்டையும் விட வேண்டிவரும் என்ற அச்சம் நாடு முழுவதும் தோட்டத் தொழிலாளர்களுக்கு உள்ள பொதுவான அச்சம். சுற்றுலாவால் நிலவிலையும் வாடகையும் ஏறிவிட்ட ஒரு மலையில், வாழ்நாள் முழுவதும் தோட்டச் சம்பளம் வாங்கியவர் நகரத்தில் வீடு வாங்குவது எளிதல்ல. வீடு போனால் குடும்பம் மலையை விட்டு இறங்கிவிடும்.

குடும்பம் இறங்கினால் அடுத்துப் பாதிக்கப்படுவது பள்ளி. 150க்கும் குறைவான மாணவர்கள் படிக்கும் பள்ளிகளைக் குறைந்த மாணவர் பள்ளிகள் எனக் கல்வி அமைச்சு வகைப்படுத்துகிறது. நாட்டின் 520க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளில் பல இந்த வகையைச் சேர்ந்தவை, அவற்றில் பெரும்பாலானவை தோட்டப்பள்ளிகள். சமவெளியில் மாணவர் குறைந்த தோட்டப்பள்ளிகளைக் குடியிருப்புப் பகுதிகளுக்கு இடம் மாற்றியிருக்கிறார்கள். மலையில் அடுத்த தமிழ்ப்பள்ளி வளைந்த சாலையில் பல கிலோமீட்டர் தள்ளி இருக்கும்போது அந்த வழி அத்தனை சுலபமல்ல.

அரசியலிலும் இந்த மலை கவனம் பெற்றிருக்கிறது. 2004இல் உருவான கேமரன் மலை நாடாளுமன்றத் தொகுதியை 2018 பொதுத்தேர்தல் வரை தொடர்ந்து ம.இ.கா. வேட்பாளர்களே வென்றனர். 2018 தேர்தல் முடிவை நீதிமன்றம் செல்லாது என அறிவித்ததும், 2019 ஜனவரி 26ஆம் தேதி இடைத்தேர்தல் நடந்தது. அதில் வென்ற ரம்லி முகமட் நோர், மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் ஓராங் அஸ்லி ஆனார். மலையின் முதல் குடிகளுக்கு அது வரலாற்று நாள்.

மலை தாங்கும் அளவு

கேமரன் மலைக்கு வருவோர் மண்ணையும் நீரையும் பற்றிச் சிறிதளவாவது தெரிந்துகொள்ள வேண்டும். தேயிலை வேர் பல ஆண்டுகள் ஒரே இடத்தில் நின்று மண்ணைப் பிடித்துக்கொள்ளும். காய்கறிக்கும் பூவுக்கும் நிலத்தை அடிக்கடி கிளற வேண்டும். பிளாஸ்டிக் கூரை போட்ட பண்ணைகளில் விழும் மழை, மண்ணுக்குள் இறங்காமல் கால்வாயில் பாய்கிறது. காடு அழித்த சரிவிலிருந்து மண் ஆற்றில் சேர்கிறது. ஆறு அதை ரிங்லெட் ஏரியில் கொண்டுபோய்க் கொட்டுகிறது. மின் உற்பத்திக்காக 1963இல் கட்டி முடிக்கப்பட்ட சுல்தான் அபு பாக்கார் அணையின் தேக்கம் அது. கணிசமான பகுதி வண்டலால் நிறைந்துவிட்டதால், பெருமழையில் அணையால் தாங்கக்கூடிய நீர் குறைந்துவிட்டது.

2013 அக்டோபர் 23ஆம் தேதி அதிகாலை, கனமழையின்போது அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டதைத் தொடர்ந்து பெர்த்தாம் பள்ளத்தாக்கில் சேற்று வெள்ளம் புகுந்தது. வீடுகள் அடித்துச் செல்லப்பட்டன, உயிர்களும் பறிபோயின. 2024 ஜனவரியில் புளூ வேலி பகுதியில் ஏற்பட்ட மண்சரிவில் மியன்மாரைச் சேர்ந்த ஐந்து தொழிலாளர்கள் மண்ணில் புதையுண்டு மாண்டனர். தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் நம்மவர்கள் இருந்த நிலையில் இன்று வேறு நாட்டு ஏழைகள் இருக்கிறார்கள்.

செல்லும் வழியும் ஆயத்தமும்

கோலாலம்பூரிலிருந்து வருவோருக்கு வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் தாப்பா வெளியேற்றம் பழக்கமான வழி. தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்குச் சுமார் 60 கிலோமீட்டர். வழியில் லாத்தா இஸ்கந்தார் அருவி வரும். வளைவுகள் அதிகம். வாந்தி வரும் பிள்ளைகளுக்கு ஏறும் முன் வயிறு நிறையச் சாப்பாடு கொடுக்காமல் இருப்பது நல்லது.

ஈப்போ, பினாங்கு பக்கமிருந்து வருவோர் சிம்பாங் பூலாய் வழியாகக் கம்போங் ராஜாவை அடையலாம். சாலை அகலமானது, பிரிஞ்சாங்குக்கு அதுவே அருகில். ஆனால் நீண்ட இறக்கம் என்பதால் திரும்பும்போது பிரேக்கை மட்டும் நம்பாமல் கியரைக் குறைத்து இறங்க வேண்டும். கிளந்தானிலிருந்து குவா மூசாங், லோஜிங் வழி உண்டு. ராவூப், கோலலிப்பிஸ் பக்கத்தார் சுங்கை கோயான் வழியாக ரிங்லெட்டுக்கு ஏறலாம்.

பேருந்தில் வருவோர் கோலாலம்பூர் டி.பி.எஸ். நிலையத்திலிருந்தும் ஈப்போவிலிருந்தும் தானா ராத்தா வரை நேரடியாக வரலாம். அங்கிருந்து பிரிஞ்சாங்குக்கு டாக்சி எடுக்க வேண்டும். ரயிலில் வர விரும்புவோருக்கு அருகிலுள்ள நிலையம் தாப்பா ரோடு. அங்கிருந்தும் மலையேற வாகனம் பிடித்தாக வேண்டும்.

வார நாட்களில் போவதே சிறந்தது. நீண்ட விடுமுறையில் தானா ராத்தாவிலிருந்து கியா பார்ம் வரையிலான சில கிலோமீட்டரைக் கடக்க மணிக்கணக்காகும். தடித்த ஜாக்கெட், மழைச்சட்டை, வழுக்காத காலணி அவசியம். முதியோருக்குக் காதை மூடும் துணியும் காலுறையும் எடுத்துச் செல்ல வேண்டும். ஆஸ்துமா உள்ளவர்கள் மருந்தை மறக்கக்கூடாது. கனமழை பெய்யும் நாளில் இரவுப் பயணத்தைத் தவிர்ப்பது நல்லது. பெட்ரோலை அடிவாரத்திலேயே நிரப்பிக்கொண்டால் கவலை இல்லை.

தோட்டத்தில் பிறந்து நகரத்தில் குடியேறிய தாத்தா பாட்டி யாராவது வீட்டில் இருந்தால் அவர்களையும் அழைத்துச் செல்லுங்கள். பெரட்டு என்றால் என்ன, லயன் வீட்டில் எத்தனை குடும்பம் இருந்தது, கொழுந்துக் கூடை எவ்வளவு கனம் என்பதைப் பிள்ளைகளுக்கு எந்தச் சுற்றுலா வழிகாட்டியும் சொல்லப் போவதில்லை. பிரிஞ்சாங்கில் ஒரு தமிழர் கடையில் தேநீர் குடிக்கும்போது கடைக்காரரிடம் எந்தத் தோட்டம் என்று கேட்டுப் பார்க்கலாம். பெரும்பாலும் பதில் ஒரு தோட்டத்தின் பெயரில்தான் தொடங்கும்.